கிரேனிலிருந்து இறங்க வேண்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நாற்காலியில் பிறந்தது. மருத்துவமனையில் கழிப்பறைக் கதவை ஒட்டிய நாற்காலியைப் பிடிக்க நான் ஓடினேன். வேறொருத்தி முந்திக்கொண்டாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எனக்கு இருக்கிற அதே சிறுநீர்ப்பை வலி. அவளைப் பற்றி வேறொன்றும் தெரியாது. கதை எழுதுகிறவளுக்கு இது போதாதா?

2

(முதலில் அவளை ஆசிரியை ஆக்கினேன். வகுப்பை விட்டு ஓடிவிடலாம், வம்பே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

கட்டடம் எழும்பும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறாள். 'உயரத்துக் கூண்டில் அவள் ஒரு ராணியைப் போல...' சேச்சே! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடிவயிறு காந்துகிறது. இறங்கினால் கீழே அத்தனை பேர் வேலையும் நிற்கும். அதனால் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

இதைக் கேட்டதும் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கிருமி எதுவும் இல்லம்மா, டெஸ்ட் எல்லாம் சுத்தம். சிறுநீர்ப்பையோட உள்பக்கம் லேசுல நோகுது. தண்ணிய நிறுத்தினா இன்னும்தான் எரியும். கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. காப்பி ஒத்துக்குதான்னு பாருங்க."

"சரியாயிடுமா?"

"கட்டுக்குள்ள வைக்கலாம்."

"குடிச்சா இறங்கணுமே டாக்டர்!"

"இறங்குங்க."

சொல்வது சுலபம். இறங்கி ஏறுகிறவளைக் கிரேனிலிருந்தே எடுத்துவிட்டால்? படாதபாடு பட்டுக் கற்ற வேலை.

3

கீழே நின்று சிக்னல் கொடுப்பவன் அவள் தம்பி. வாக்கிடாக்கியில் ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

"என்னக்கா, கம்பிக்கட்டு இந்த ஆட்டம் ஆடுது?"

"காத்துடா."

"காத்தா? இங்க ஒரு இலைகூட அசையலையே!"

வலியில் அவள் கை நெம்புகோலை வெட்டி இழுத்திருந்தது. பாரத்துக்குப் பக்கத்தில் தம்பி. கம்பிக்கட்டைப் பூப்போல இறக்கிவைத்துவிட்டு வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

[இவ்வளவு அழுத்தக்காரி வாயைத் திறப்பாளா? எனக்கே சந்தேகம். திறந்துவிட்டாள்.]

"சூப்பர்வைசர் சார், எனக்கு சிறுநீர்ப்பைல வலி. ரொம்ப நாளா இருக்கு. நடுநடுவுல இறங்கி ஏறணும். வேலைய மட்டும் விடமாட்டேன்."

வேலை செய்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

4

முடிவு ஒன்று: "தாராளமா இறங்கும்மா..." (பொய். இப்படி உடனே சொல்கிற சூப்பர்வைசரை நான் கண்டதில்லை.)

முடிவு இரண்டு: "அப்போ நாளையிலேர்ந்து..." மாட்டேன், எனக்கு எழுத மனம் வரவில்லை.

சூப்பர்வைசருக்கு நான் முகமே எழுதவில்லை, கவனித்தீர்களா? அந்த இடம் உங்களுக்குத்தான். வாக்கிடாக்கி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. மேலே அவள் காத்திருக்கிறாள். அவளால் ரொம்ப நேரம் அடக்க முடியாது, சீக்கிரம் சொல்லுங்கள்.