கெண்டைக்குப் பிடித்த வாசனை

வெயில் காலத்துக் கெண்டை விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி. எதை வைத்தாலும் குற்றம் சொல்லும். மற்ற நாட்களில் மண்புழுவோ மீன்தூள் உருண்டையோ, கிடைத்ததை விழுங்குகிற அதே மீன், தண்ணீர் சூடேறிவிட்டால் கரையோர நிழலில் ஒதுங்கிக்கொண்டு கனமான எதையும் திரும்பிப் பார்க்காது. அப்போது அதற்குச் சின்னதாக, இனிப்பாக ஏதாவது வேண்டும். வேகவைத்த மக்காச்சோளம், ரொட்டியின் நடுப்பகுதி, எசன்ஸ் சேர்த்துப் பிசைந்த மாவு. இதில் எதை எடுத்துப்போனாலும் வெயிலில் சீக்கிரம் புளித்துப்போகும். லேசான புளிப்பை மீன் மன்னிக்கும், கெட்டுப்போனதை மன்னிக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு கண்ணுக்குத் தெரியாது. அது மூக்கின் வேலை.

மாஸ்டருக்கோ மூக்கு போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

மூக்கு என்னவோ முகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு காய்ச்சலோடு வாசனைதான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் போனால் போகிறது என்று இருந்துவிடலாம். இவர் பேக்கரியில் மாவு அறையின் மாஸ்டர். வெண்ணெய் காறலா, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, பால் நேற்றையதா என்று மோந்தே சொல்கிற ஆள். பேக்கரி அவர் மனைவியின் தம்பியுடையது. மூக்கு போனது தெரிந்தால் அவன் தன்னைத் துரத்தமாட்டான், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவான் என்று மாஸ்டருக்குத் தெரியும். மாவைத் தொடாமல் அந்த நாற்காலியில் உட்கார அவரால் முடியாது. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. ஒருநாள் அவள் அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறாள் என்று பார்த்து, "வாசனை ஆளைத் தூக்குதே!" என்று புகழ்ந்துவிட்டார். அடுப்பில் கொதித்தது வெறும் வெந்நீர்.

வாரத்தில் ஆறு நாள் மைத்துனன் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மட்டும் அவன் மாப்பிள்ளை, இவர் மாமா. இரை தயார் செய்வது எப்போதும் மாமாவின் பொறுப்பு. அந்த ஞாயிறும் விடிவதற்கு முன்னே எழுந்து, சமையலறை அலமாரியிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, வெனிலா என்று நினைத்து மாவில் சில சொட்டு விட்டுப் பிசைந்தார். அவர் வீட்டு பாட்டில்கள் எதிலும் பெயர் ஒட்டியிருக்காது. மூக்கு இருக்கும்போது காகிதம் எதற்கு என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொன்ன ஆள். புத்தி வந்த பிறகாவது ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் மனைவி ஏன் என்று கேட்பாளே!

நாணல் ஓரமாக, தண்ணீர் நிழலாக இருந்த இடத்தில் இருவரும் தூண்டில் போட்டார்கள். மைத்துனன் முள்ளில் சோளம் குத்தினான். மாமா மாவை உருட்டினார். வெயில் ஏறுவதற்குள் மாமாவின் தக்கை முங்கியது. இழுத்தால் நல்ல பெரிய கெண்டை. மறுபடி போட்டார், மறுபடி ஒன்று. மைத்துனன் பக்கம் ஒரு கொசுகூட உட்காரவில்லை.

"அப்படி என்னதான் போட்டீங்க?" என்று அவன் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தான். மறுபடி ஒருமுறை மோந்தான். "கிராம்புத் தைலமா? புது வித்தையா இருக்கே மாமா."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவியின் பல்வலிக்கு வாங்கிய தைலம்! முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஆமா மாப்ளே, சும்மா போட்டுப் பாத்தேன். பிடிச்சிருக்கு பாரு" என்றார்.

"பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு."

தப்பித்தோம் என்று நினைத்தார். ஆனால் மீன் கிடைத்த மகிழ்ச்சி எங்கோ போய்விட்டது. இன்றைக்குப் பல்வலித் தைலத்தைத் தின்றது மீன். நாளைக்குப் பேக்கரியில் கை தவறினால் தின்னப்போவது மனிதர்கள். இந்த நினைப்பை இத்தனை மாதமாக அவர் ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார். இப்போது அது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது மைத்துனன் தன் சோள டப்பாவை நீட்டினான். "இது வெயில்லயே இருந்துடுச்சு. பரவாயில்லையா பாருங்க."

மாஸ்டர் வழக்கம்போலக் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். ஒன்றுமே இல்லை. விரலால் ஒரு சோளத்தை நசுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. போடு."

மைத்துனன் டப்பாவை வாங்கி அப்படியே புதரில் கவிழ்த்தான். ஈக்கள் மொய்த்தன.

"நேத்து வச்ச சோளம் மாமா. மூடியத் திறந்தப்பவே எனக்குக் குமட்டிடுச்சு. இன்னைக்காவது வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மாஸ்டருக்குக் காது சுட்டது. "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"நீங்க காய்ச்சல்லேர்ந்து எழுந்து வந்த வாரமே. பின்னாடி அடுப்புல ரொட்டி கருகிப் புகைஞ்சுது. நீங்க அதுக்கு முதுகக் காட்டிட்டு, சீட்டி அடிச்சுக்கிட்டு மாவு பிசைஞ்சீங்க. அதுலேர்ந்து தினமும் உங்களுக்கு முன்னாடி வந்து வெண்ணெய், பால், ஈஸ்ட் எல்லாத்தையும் மோந்து பாத்து, கெட்டத எடுத்துக் கொட்டிட்டுப் போயிடறேன்."

காய்ச்சலுக்குப் பிறகும் தன் கையில் ஒரு தப்பு நடக்கவில்லை என்று மாஸ்டர் உள்ளுக்குள் கர்வப்பட்டுக்கொண்டிருந்தார். பார்த்தே, தொட்டே கண்டுபிடிக்கிற திறமை தனக்கு வந்துவிட்டதாக நம்பியிருந்தார். அந்தக் கர்வம் ஒரு நொடியில் தரைமட்டமானது. முதலில் வந்தது கோபம்தான்.

"இத்தனை நாளும் என்னை வச்சு வேடிக்கை பாத்தியா?"

"வேடிக்கை பாக்க ஏன் மாமா இருட்டுல எழுந்திருக்கணும்? தூங்கிட்டு நிதானமா வந்து பாத்திருப்பேனே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாஸ்டர் தண்ணீரைப் பார்த்தார். பிடிபட்ட கெண்டைகள் வலைப்பையில் அலம்பிக்கொண்டிருந்தன.

"என்னைக் கல்லாப் பக்கம் உக்கார வச்சிடுவியோன்னு பயந்தேன்டா" என்றார்.

"நீங்க கல்லாவுல உக்காந்தா மாவை யாரு பிசையறது? உங்க கை எனக்கு வருமா? மூக்குதான் என்கிட்ட இருக்கு." மைத்துனன் தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "ஆனா வெயில் காலம் மாமா. நான் ஒருநாள் அசந்து தூங்கிட்டேன்னா, நீங்க பாட்டுக்குக் கெட்ட பாலை ஊத்திடுவீங்க. ஊரே வயித்தப் பிடிச்சுக்கும். அதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வர்றதில்ல."

தன் மானத்தைக் காப்பாற்ற ஒருவன் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறான், அது தெரியாமல் தான் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறோம் என்பது மாஸ்டரைக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது. வெயில் நாணலைத் தாண்டி அவர்கள் காலடிக்கு வந்துவிட்டது. மாவு டப்பாவும் வெயிலில்தான் இருந்தது.

அவர் டப்பாவை எடுத்தார். பழக்கத்தில் தன் முகத்தருகே கொண்டுபோனவர், நிறுத்தி, மைத்துனன் பக்கம் நீட்டினார்.

"இது இன்னும் தாங்குமா? மோந்து சொல்லு."

அவன் மோந்தான். "ஓரத்துல புளிக்க ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல நல்லா இருக்கு."

மாஸ்டர் ஓரத்தைக் கிள்ளித் தண்ணீரில் எறிந்தார். நடுவிலிருந்து ஓர் உருண்டை உருட்டி மைத்துனன் முள்ளில் குத்தினார்.

"நாளைக்கு இருட்டுல வராத மாப்ளே. விடிஞ்சு வா" என்றார். "எல்லாரும் வேலைக்கு வந்தப்புறம், என் எதிர்லயே மோந்து பாரு."