மூட்டையின் வாய்

மகளுக்கு அவர் தரவேண்டியது பதினோராயிரத்து அறுநூற்று ஐம்பது. அலமாரிக் கதவின் உட்பக்கம், மூட்டைக்குக் குறி போடும் மையால், தன் கையாலேயே அதை எழுதி வைத்திருந்தார். கூலிப் புத்தகத்தில் கைநாட்டு வைத்து வைத்துக் கூசிப்போய், ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். தனக்கென்று உருப்படியாக எழுதிய முதல் விஷயமே கடன்தானா என்று மனைவி சிரித்தாள்.

இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது வாடகையும் மருந்தும் மகள் பார்த்தாள். புதுத் தையல் மெஷினுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த பணம். ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. கூலி வாங்கும் நாளில் அவராகப் பேச்செடுத்தால், "எங்கப்பா ஓடிப்போகப் போறீங்க, மெதுவா தாங்க" என்பாள். அந்த வார்த்தை அவருக்கு இனிக்கும். போய்ப் படுத்த பிறகு உறுத்தும்.

தானியக் கிடங்கில் மூட்டைகளுக்கு வாய் தைப்பது அவர் வேலை. முப்பது வருஷமாக அதே வேலை என்பதால் கிடங்கில் எல்லாருக்கும் அவர் ஊசிக்காரர்தான். கோணி ஊசியும் சணல் நூலும் கையில் இருந்தால் ஒரு மூட்டைக்கு ஒன்பது தையல், இரண்டு முனையிலும் தூக்குகிறவன் பிடிக்க இரண்டு காது. தையல் கோணலாகப் போனால் கவலையில்லை. நூலை உருவிவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் சாக்கில் விழுந்த ஓட்டை மூடிக்கொள்ளும். தைக்காத எதுவும் கொட்டிப்போகும், தைத்தது தப்பானால் பிரித்துக்கொள்ளலாம். உலகத்தைப் பற்றி அவர் தெரிந்து வைத்திருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

மகளுடைய வேலை அவருக்குப் பிடிபடவே இல்லை. துண்டுத் துணிகளின் முதுகில் பசைத்தாளை இஸ்திரி போட்டு ஒட்டுவாள். வேண்டிய உருவத்துக்கு வெட்டுவாள். தாளை உரித்துவிட்டுப் பெரிய துணியின்மேல் வைத்து மறுபடி இஸ்திரி போட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இப்படித் துண்டு துண்டாக ஒட்டி ஒரு படமே செய்துவிடுவாள். அதைப் பார்த்துத்தான் ஒரு பல் டாக்டரம்மா, புதிதாகத் திறக்கப்போகும் ஆஸ்பத்திரிச் சுவருக்கு ஒரு படம் கேட்டிருந்தார். பாதிப் பணம் முன்பணமாகவும் கொடுத்துவிட்டார்.

படத்தில் ஒரு கிடங்கு வாசல். முதுகில் மூட்டையோடு குனிந்து போகிற ஒருவர். பல் வலியோடு வந்தவனுக்கு இதையா காட்டுவார்கள் என்று மனைவி கேட்டாள். தன் வலியைவிடப் பெரிய பாரம் ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று டாக்டரம்மாவே சொன்னாராம். மூட்டை தூக்குகிறவரின் சட்டைக்கு அப்பாவின் பழைய சட்டையைத்தான் மகள் வெட்டியிருந்தாள். மெனக்கெட்டு அதை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒட்டுகிற வேலை முடிந்துவிட்டது. அதன்மேல் தைக்கவேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் மகள் பத்து நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தாள். கையகலத் துண்டுகளில் இதே மாதிரி ஒட்டி, ஒன்றில் ஓரத் தையல், ஒன்றில் குறுக்குத் தையல், இன்னொன்றில் கறுப்பு நூல், மற்றொன்றில் துணியின் நிறத்திலேயே நூல் என்று தைத்துத் தைத்துச் சுவரில் குத்தி வைத்தாள். பதினான்கு துண்டு ஆகிவிட்டது.

"இன்னும் எத்தனை ஒத்திகை பாப்பா? தச்சுட்டா ஆச்சு."

"ஒட்டின துணியில ஊசி போனா போனதுதான்ப்பா. பிரிக்க முடியாது. அதான் பயமா இருக்கு."

பயமா இருக்கு என்ற பின்பாதி மட்டும்தான் அவர் காதில் நின்றது. முன்பாதி வந்த வழியே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கிடங்கில் சரக்கு வரவில்லை. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி விடுதிச் சமையலுக்குப் போயிருந்தாள். மகள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். படம் மேஜையில் விரித்திருந்தது. வழக்கம்போல நின்று பார்த்தவருக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, அந்த மூட்டைக்கு வாய் தைக்கவில்லை. மடிப்பு இருக்கிறது, தையல் இல்லை. திறந்த வாயோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான்? அதுவும் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு.

மகளின் மெல்லிய ஊசி அவர் விரலில் நிற்கவில்லை. டப்பாவில் கிடந்ததிலேயே தடித்த ஊசியை எடுத்து, பழுப்பு நூல் கோத்து, மூட்டை வாயை மட்டும் தைத்தார். ஒன்பது தையல். இரண்டு முனையிலும் காது. தள்ளி நின்று பார்த்தார். மூட்டைக்குக் கனம் வந்துவிட்டிருந்தது. தூக்குகிறவரின் குனிவுக்கே அப்போதுதான் ஒரு நியாயம் வந்தாற்போல இருந்தது.

அங்கே ஊசியைக் கீழே வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இந்த இடத்துக்கு வந்து நின்று, வைத்திருக்கலாம், வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வைக்கவில்லை. பத்து நாளாகப் பிள்ளை தவிக்கிறாளே, வருவதற்குள் முடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கடனிலும் கொஞ்சம் கழிந்த மாதிரி இருக்குமே என்ற கணக்கும் கூடவே ஓடியது. சட்டையின் ஓரத்தைத் தைத்தார், முதுகைத் தைத்தார், கிடங்குக் கதவுக்கு வந்தார். பசை ஊசியில் அப்பிக்கொண்டு நூல் இழுத்தது. சாக்கை இழுக்கிற மாதிரியே அவரும் இழுத்தார். துணி சுருங்கி, மூட்டை தூக்குகிறவரின் முதுகு கூனலாகி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

பதறவில்லை. பிரித்தால் ஆச்சு. நூலை உருவினார், கட்டைவிரல் நகத்தால் தேய்த்தார். ஓட்டை மூடவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். உள்ளே இறுகியிருந்த பசை ஒவ்வொரு ஓட்டையையும் அப்படியே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. முதுகு நெடுக அம்மை வடு மாதிரி வரிசையாகப் புள்ளிகள். மகள் சொன்ன முன்பாதி அப்போதுதான் திரும்பி வந்தது.

வந்தும் நிறுத்தவில்லை. சூட்டில் பிடித்த பசை சூட்டில் இளகித்தானே ஆகவேண்டும், இளகினால் ஓட்டை மூடாதா? இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அழுத்தினார். பசை ஓட்டைகளின் வழியே மேலே கசிந்து பெட்டியில் ஒட்டிக் கருகியது. பெட்டியை நகர்த்தியபோது அந்தப் பழுப்புக் கறை முதுகிலிருந்து முகம்வரை ஒரே இழுப்பாக இழுபட்டது.

மகள் வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊசியை ஒளித்து வைக்கக்கூட இல்லை. அவள் நூல் பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். விரலால் முதுகைத் தொட்டாள். பிறகு விரல் மூட்டை வாய்க்குப் போனது. ஒன்பது தையலையும் ஒவ்வொன்றாகத் தடவியது.

"இது நீங்க தச்சதா?"

"ஆமா பாப்பா."

"இதைத்தான்ப்பா நான் பத்து நாளா தேடிக்கிட்டு இருந்தேன்." விரல் மறுபடி முதுகுக்கு வந்தது. "இதோட நிறுத்தியிருக்கலாமே."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். மனைவி வந்து அதையும் செய்தாள். கோணி தைக்கிற கைக்குப் பட்டுத் துணியில் என்ன வேலை, உங்களை வெற்றிலை பாக்கு வைத்து யார் அழைத்தார்கள் என்று ஆரம்பித்து, தட்டு கழுவுகிற வரைக்கும் ஓயவில்லை. அவர் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். மகள்தான் நடுவில், விடும்மா என்றாள்.

மறுபடி செய்ய நாள் போதாது. ஆஸ்பத்திரி திறப்பு புதன்கிழமை. அதுவுமில்லாமல், அந்தச் சட்டைத் துணியில் மிச்சமே இல்லை. டாக்டரம்மா நல்லவிதமாகத்தான் பேசினார், வேறு படத்துக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அதுவோ துணியாகவும் பசைத்தாளாகவும் மரச்சட்டமாகவும் ஆகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை அவர் மேஸ்திரியிடம் போய் நின்றார். வாராவாரம் கூலியில் கொஞ்சம் பிடித்து வைத்து, வேலையை விட்டு நிற்கும்போது கொடுப்பது கிடங்கு வழக்கம். இந்த வருஷக் கடைசியில் நின்றுவிடுவதாக அவர் சொல்லி வைத்திருந்தார். அதிலிருந்து இப்போதே வேண்டும் என்றார்.

"அப்ப நிக்கலியா, ஊசிக்காரரே?"

"இடுப்பு தாங்குற வரைக்கும் இருக்கேன்."

பணத்தைக் கொண்டுவந்து மகள் முன்னால் மேஜையில் வைத்தார். பதினோராயிரத்து அறுநூற்று ஐம்பது. வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். எங்கப்பா ஓடிப்போகப் போறீங்க என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். பாதியைத் தள்ளிவிட்டு மெதுவா தாங்க என்றாவது சொல்வாள் என்று நினைத்தார். அவள் நோட்டுகளை எடுத்து எண்ணினாள். கடைசி ஐம்பது வரைக்கும் எண்ணினாள். சரிபார்க்க இன்னொரு தடவையும் எண்ணினாள்.

"சரியா இருக்குப்பா" என்றாள். குரலில் கோபமில்லை. பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பிப் போனாள்.

அவர் அலமாரியைத் திறந்து மை எடுத்தார். எழுதியதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். கடன் தீர்ந்தது. இரண்டு வருஷமாக எப்போது தீரும் எப்போது தீரும் என்று இருந்த கடன். இன்னும் கொஞ்ச காலம் அது இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.