சனிக்கிழமை மாவு

நான் மூன்றாவது தடவை உண்டாகியிருப்பதைச் சொன்னபோது, என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் ஒரு கட்டெறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரு வச்சலா, முட்ட போடுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "இன்னா சொன்ன?" என்றார். இரண்டு தடவை கலைந்த வயிறு. வாய்விட்டுச் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. அதை இன்னொரு தரம் சொல்ல வைத்தார் மனுஷர்.

அவர் பெயர் பூவராகவன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது, அங்கே குமாஸ்தா. சதுரங்கப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். மற்ற ஆண்களுக்குச் சீட்டு, சாராயம். இவருக்கு ராணி எறும்பு. மழை விட்டுப் புழுங்கினால் போதும், புற்றிலிருந்து றெக்கை முளைத்த எறும்புகள் கிளம்பும். ஜோடி சேர்ந்ததும் ஆண் செத்துப்போகும். ராணி தரையிறங்கி, றெக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, வளை தோண்ட இடம் தேடி ஓடும். அப்போது பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, அடியில் தண்ணீர், நடுவில் பஞ்சு, வாயிலும் பஞ்சு வைத்து அடைப்பார். முதல் குஞ்சுகள் வரும்வரை அதற்குத் தீனிகூட வேண்டாமாம், தன் உடம்பையே கரைத்து ஊட்டுமாம். ஆனால் அதிர்வு ஆகாதாம். அதிர்ந்தால் தன் முட்டையைத் தானே தின்றுவிடுமாம். அதற்காக என் அம்மியைக் கொல்லைப்புறம் மாற்றினார். தூறலில் நனைந்துகொண்டு மிளகாய் அரைத்தது நான்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நடக்கக்கூடாது, குனியக்கூடாது, ஐந்து மாசம் தாண்டும்வரை படுக்கைதான். அதைக் கேட்டதும் என் மாமியார் சம்பூர்ணம், டாக்டரை நம்பாமல் ஜோசியரிடம் போனார். அங்கே வந்த விடை, "உசுர அடைச்சு வெச்ச தோஷம்." பரிகாரமாக, பிள்ளை சுமப்பவளே சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் வெறுங்காலோடு போய் எறும்புப் புற்றுகளுக்குப் பச்சரிசி மாவும் வெல்லமும் போட வேண்டும்.

மாமியார் இதைச் சொல்லிவிட்டு அலமாரியைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ராணி. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, இன்றோடு இந்தச் சனியன் தொலைந்தது என்று. அவர் அலமாரியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"உங்க நைனா கௌதாரி வளத்தாரில்ல? கூண்டுல?"

என் அப்பா எப்போதோ ஒரே ஒரு கௌதாரி வளர்த்தார். அது செத்தும் பல வருஷமாகிவிட்டது.

"அப்போ இதுங்க?" என்று அலமாரியைக் காட்டினேன்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை. எறும்பு விஷயத்தில் அவருக்குக் கோபமே வராது, பாடம்தான் வரும். "நானா அடைச்சேன்? ராணி அதுவாவே மண்ண மூடிகினு உள்ள ஒக்காந்துக்கும் வச்சலா. நான் மண்ணுக்குப் பதிலா பஞ்சு வெக்கிறேன், அவ்ளோதான்."

"டாக்டரம்மா குனியக்கூடாதுன்னாங்க. அத்தே, நீங்க போட்டா ஆவாதா?"

"வயிறு யார்து? ஒன்து. அப்போ மாவும் நீதான் போடணும்" என்றார் மாமியார். அவர் கெட்டவரில்லை. போன இரண்டு தடவையும் என்னைவிட அதிகமாக அழுதவர். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'வேணாம்மா' என்று சொல்லியிருந்தால் போதும். அவர் என்னிடம் சொன்னது வேறு. "எப்படியும் குனிஞ்சிகினுதானே போற. ராணி கண்ல பட்டா சொல்லு. மாருகிட்ட திமில் மாதிரி தூக்கினு இருக்கும், றெக்க உதுந்த எடத்துல தழும்பு தெரியும்."

சனிக்கிழமைகள் போயின. ஊரிலிருந்த பழைய டச்சுக்காரர் கோட்டைச் சுவரோரம் மணலில் ஒவ்வொரு புற்றாகக் குனிந்து மாவு தூவினேன். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொள்வேன். ஐந்தாம் மாசம் பிறந்தது. உள்ளே மீன் துள்ளுவதுபோல் ஒரு துள்ளல். யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அதை எனக்கே வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் ராத்திரியெல்லாம் மழை. அன்றைக்கு அவரும் கூட வந்தார், எனக்குத் துணையாக என்று அக்கம்பக்கத்தில் நினைத்திருப்பார்கள். இரண்டு கையிலும் குப்பிகள். சுவர் திரும்பும் இடத்தில் கத்தினார்: "வச்சலா! அதோ, ஒன் கால்கிட்ட! புடி, புடி!"

பிடித்தேன். இரண்டு எட்டு ஓடி, குனிந்து, மாவுக்கையால் பிடித்தேன். நிமிர முடியவில்லை.

"ஏங்க, வலிக்குது."

"செத்த ஒக்காரு. இங்க ஒண்ணு கீதுன்னா இன்னும் ரெண்டு மூணு இருக்கும். இதோ வந்துட்டேன்." என் கையிலிருந்ததை வாங்கிக் குப்பியில் விட்டுக்கொண்டு போனார்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். புடவை நனைந்தது. மழை ஈரம் என்று கொஞ்ச நேரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மீன் கூடையோடு வந்த பூவாயிதான் என்னைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தொப்பென்று போட்டாள். அவள் போட்ட சத்தம் குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"யோவ்! இன்னாய்யா பொறுக்கினு கீற அங்க? ஒம் பொண்டாட்டி இங்க ரத்தத்துல கெடக்குது!"

பெரியாஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை என்று ஆயா சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் அவர் பாலும் பன்னும் வாங்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைத் தொட்டார். அப்புறம், "அம்மா சொல்லச் சொன்னாங்க. நடுவுல ஒரு சனிக்கெழம வுட்டுட்டமாம். மொதல்லேந்து போடணுமாம்" என்றார்.

கட்டில் கால் வழியாகப் பன்னைத் தேடிச் சின்னக் கறுப்பு எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் கண் தன்னால் அங்கே போயிற்று. தலை தன்னால் குனிந்தது.

"பிள்ளையார் எறும்பு" என்றார் மெதுவாக. "கடிக்காது."

கட்டில் சட்டத்தின் மேல் முதலில் வந்த எறும்பின்மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அடுத்ததன் மீதும். அதற்கடுத்ததன் மீதும். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வரிசை கலைந்தது, கொஞ்சம் சுற்றியது, என் விரலை வளைத்துக்கொண்டு மறுபடி பன்னை நோக்கி நேராயிற்று. நான் விரலைத் தூக்கி, அது வரும் வழியில் வைத்தேன்.