காட்டுக்காரி நின்ற வழி

என் அண்ணன் ஒழுங்கு பார்ப்பதில் ஊரறிந்த ஆள். எங்கள் நர்சரியில் தொட்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில்தான் நிற்கும். அண்ணி நேர் எதிர். விதையைக் கை நிறைய அள்ளி மண்மேல் வீசிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்.

"மண்ணு போட்டு மூடாம விட்டா எப்படிடி முளைக்கும்?" என்று அண்ணன் கத்துவான்.

"மூடினா அதுக்கு மூச்சு முட்டாதா?" என்பார் அண்ணி. அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

ஒருமுறை மலையடி ஓடைக்கரையிலிருந்து அண்ணி ஒரு கன்றை வேரடி மண்ணோடு பெயர்த்து வந்தார். கொத்தமல்லி, சோம்பு, சீரகம் எல்லாம் ஒரே குடும்பம். இது அந்தக் குடும்பத்தில் வீட்டுக்கு அடங்காத பிள்ளை. ஆள் உயரம் வளரும். இலையைக் கசக்கினால் வாசனை நாள் முழுக்க விரலை விட்டுப் போகாது. அண்ணி அதற்குக் காட்டுக்காரி என்று பெயர் வைத்தார். அந்தச் செடி முதல் பூந்தண்டு விடுவதற்குள் அண்ணி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காட்டுக்காரி ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, விதை விட்டு, செத்துவிடும். பூந்தண்டைக் கிள்ளிவிட்டால் இன்னொரு வருடம் தாக்குப்பிடிக்கும். அண்ணன் வருடா வருடம் கிள்ளினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைக் கட்டியவருக்குத்தான் தெரியும்.

போன கோடையில் அதன் அடித்தண்டு அழுக ஆரம்பித்தது. அண்ணன் வழக்கம்போலக் கத்திரிக்கோலோடு வந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணா, வேர் போயிடுச்சு. இந்தத் தடவையும் வெட்டினா செடியும் இருக்காது, விதையும் இருக்காது. அண்ணியோடதுன்னு ஒண்ணுமே மிஞ்சாது."

"பூத்தா செத்துடுமே," என்றான்.

"பூக்கலைன்னா மட்டும் இருக்குமா?"

கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடித்தான். குடை குடையாக வெள்ளைப் பூ வந்தது. விதை முற்றியது. காய்ந்த தண்டை வெட்டி, குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்து, வாசலருகே இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு விதையாக நாற்றுத் தட்டில் ஊன்றி, விரலாழம் மண் போட்டு மூடினான்.

குளிர்காலம் போனது. மற்றதெல்லாம் முளைத்தது. அந்தத் தட்டுகள் மட்டும் மொட்டையாகவே கிடந்தன. ஒருநாள் பொறுக்க முடியாமல் கிளறிப் பார்த்தான். அத்தனையும் அழுகியிருந்தன.

"நானே கொன்னுட்டேன்," என்றான்.

நான்தான் பூக்க விடச் சொன்னவள். கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு எருவண்டியைத் தள்ளி வந்தேன். வாசலிலிருந்து உள்ளே வரும் வழியில் புதுசாக ஏதோ களை. எரிச்சலோடு குனிந்து பிடுங்கினேன். விரலில் அந்த வாசனை ஒட்டிக்கொண்டது.

"அண்ணா!"

ஓடி வந்தான். செடி நின்ற இடத்திலிருந்து கொட்டகை வரை, அவன் தண்டை அணைத்துக்கொண்டு நடந்த வழியெல்லாம் சின்னச் சின்ன இலைகள். சிந்திய விதைகள். ஒன்றின் மேலும் ஒரு பிடி மண் விழவில்லை.

அண்ணன் என் விரலைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டான். சிரித்தான், அழுதான்.

"மூச்சு முட்டாதான்னு கேட்டா. நான்தான் கேட்கலை."

வேர் நேராகக் கீழே இறங்கும் செடி. பெயர்த்தால் பிழைப்பது சந்தேகம். ஆனாலும் மனது கேட்காமல் சொன்னேன்: "நட்டநடு வழியில நிக்குதே, அந்த ஒண்ணையாவது தள்ளி நடலாமா?"

"விடும்மா. உங்க அண்ணி எப்ப எனக்கு வழி விட்டிருக்கா?"

மறுநாள் காலையில் சுத்தியல் சத்தம். ஒரு தொட்டியை நகர்த்தச் சொன்னால் ஒப்பாத என் அண்ணன், வேலியைப் பிரித்து வாசலையே பின்பக்கம் மாற்றிக்கொண்டிருந்தான்.

இப்போது எருவண்டியோடு நான் நர்சரியைச் சுற்றித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. திட்டிக்கொண்டேதான் சுற்றுகிறேன். ஆனால் சுற்றித்தான் வருகிறேன்.