பகை நாடுகள் கண்ணயர்ந்த மத்தியானம்

அந்த இரண்டு நாடுகளின் உண்மைப் பெயரைச் சொன்னால் இரண்டு தூதரகமும் கோபிக்கும். பனிநாடு, மணல்நாடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று கதை பேச்சில்லாமல் ஒரு தலைமுறை போய்விட்டது. இந்தப் பகையைத் தீர்க்கும் பொறுப்பை, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற ஒரு வளாகத்தின் மாணவர் மன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்கச் சொல்லி உலகம் கேட்கவில்லை.

மன்றச் செயலாளர் கஜந்தினிக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. பகை நாட்டார் இருவரைக் கைகோக்க வைக்கும் மாணவருக்கு வெளிநாட்டு அமைப்பொன்று தன் நாட்டில் ஒரு வருடப் படிப்புத் தருகிறது. அத்தாட்சி, ஒரு படம். இரண்டு கைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். அன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும். பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கடற்கரையில் நின்று கப்பல்கள் போவதையே பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு தடவையாவது தானும் போக ஆசை.

கொழும்பிலிருந்து இரண்டு தூதரகச் செயலாளர்களும் வந்து இறங்கினார்கள். குத்துவிளக்கை யார் முதலில் ஏற்றுவது என்று தகராறு, விளக்கு ஏற்றப்படவில்லை. அடுத்தது இருக்கை. எங்கள் பக்கம் பெரிய மனிதரைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்துவது மரியாதையில்லை, மெத்தை வைத்த நீளச் செற்றிதான் வேண்டும். வளாகத்தில் செற்றி ஒன்றே ஒன்று. ஆகவே இருவரும் இரண்டு முனையில், நடுவில் எல்லைக் காவலாக வளாக முதல்வர் காசிநாதர். விழாவுக்கு விழா அவரே நடுவில் இருந்து அந்த இடம் குழிந்து போயிருந்தது. குழியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் யோசிக்கவில்லை. விருந்தாளியை வெறும் வயிற்றோடு பேசவிடும் வழக்கம் இங்கே இல்லை. சோறு, மீன் குழம்பு, சுறா வறை. கடைசியில், படம் எடுக்க வந்த வகுப்புத் தோழன் அப்ராஸின் உம்மா மூதூரிலிருந்து கொடுத்தனுப்பிய எருமைத் தயிர், மேலே இனிப்புக்குக் கித்துள் பாணி. இரண்டு நாடுகளும் மறுபடி கேட்டு வாங்கின.

வெளியே கச்சான் தொடங்கியிருந்தது. காட்டுப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று வீசினால் துறைமுகம் தண்ணீராக இராது. பாலாகி, பிறகு புகையாகும். நங்கூரமிட்ட கப்பலொன்று கானலில் கடலைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. அக்கரை மூதூர் தன் மரங்களோடு கழன்று மெல்ல மிதந்தது.

காசிநாதர் எழுந்து ‘உலக சமாதானமும் நானும்’ என்று பேசத் தொடங்கினார்.

முதலில் விரிவுரையாளர்கள் நித்திரையானார்கள். கூட்டம் அவர்களுக்குப் பழக்கம். பிறகு மாணவர்கள். மண்டபம் கயிறறுந்த வள்ளம்போல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, காசிநாதரின் குரல் அதன் பழைய எஞ்சின். செற்றியில், காவலில்லாத குழியை நோக்கி இரண்டு நாடுகளும் சரிந்தன. அவசரமே இல்லை. தோள் தோளைத் தொட்டது. மணல்நாட்டின் தலை பனிநாட்டின் தோளில் சாய்ந்தது. ஒரு கை மற்றதின் உள்ளங்கையில் விழ, விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

“புள்ள, இஞ்ச பாரு!” அப்ராஸ் கஜந்தினியிடம் கிசுகிசுத்தான். “ரெண்டு கையும் தெரியுது.”

“பேசாமல் எடடா!”

எடுத்தான்.

காசிநாதர் முடித்துவிட்ட மகிழ்ச்சியில் மண்டபம் பலமாகக் கைதட்டியது. இருவரும் விழித்தார்கள்.

“நான் குறட்டை விட்டேனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டது பனிநாடு.

“கொஞ்சம். நான்?”

“மெதுவாகத்தான்.”

ஒரு தலைமுறைக்குப் பிறகு நடந்த முதல் பேச்சுவார்த்தை இதுதான். அப்போதுதான் கமராவைக் கண்டார்கள். விறாந்தையில் நின்ற கஜந்தினியிடம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

“அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.”

“அப்ப முழிச்சிருந்து ஒருக்கால் கை குடுங்கோ. அதை எடுத்திட்டு இதை அழிக்கிறன்.”

“அதற்கு எங்களுக்கு அனுமதியில்லையே.”

“நித்திரைக்கு மட்டும் அனுமதி எடுத்தனீங்களோ?”

பனிநாட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “என்னைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். மகளுக்கு இங்கே படிப்பு நடக்கிறது.”

“என்னையும் அழைப்பார்கள்” என்றார் மற்றவர். “எங்கள் நாட்டில் அப்படி அழைக்கப்பட்டவர்களைப் பிறகு ஒருவரும் கண்டதில்லை.”

கஜந்தினி கமராவை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கைகளும் அவ்வளவு தெளிவு. தூரத்தில் அந்தக் கப்பல் இன்னும் காற்றிலேயே நின்றது. அவளே அழித்தாள்.

“லூசா நீ?” என்றான் அப்ராஸ்.

சந்தோசம் தாங்காமல் இரண்டு நாட்டாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். பழக்கதோசத்தில் அப்ராஸின் கமரா உயர்ந்தது. நான்கு கைகளும் முதுகுக்குப் பின்னால் மறைந்தன.

காசிநாதர் வந்து சேர்ந்தார். “கவனிச்சனீரோ பிள்ளை? ரெண்டு பேரும் என்ர பேச்சைக் கண்ணை மூடி ரசிச்சவை!”

“ஓம் சேர். தங்களை மறந்து ரசிச்சவை.”

பின்னேரம் இரண்டு வாகனங்களும் ஒன்றாக வாசலுக்கு வந்து நின்றன. “நீங்கள் முதல்” என்று ஒரு கண்ணாடி இறங்கியது. “இல்லையில்லை, நீங்கள்” என்று மற்றது. இரண்டும் அசையவில்லை. பின்னால் மீன் லொறி, முச்சக்கரவண்டிகள், நிலாவெளி பஸ் எல்லாம் ஹோர்ன் அடித்தன.

“சனியன் பிடிச்ச சமாதானம்! வழியை விடுங்கோவன்!” என்று வாசலில் கட்டியிருந்த சமாதான விழாப் பதாகையைப் பார்த்து லொறிக்காரன் கத்தினான்.

தெருவை ஒழுங்குபடுத்த கஜந்தினி இறங்கினாள்.

“இதையாவது எடுக்கட்டா?” என்றான் அப்ராஸ். “இன்னும் நேரம் இருக்கு, அனுப்பலாம்.”

“இதில கை எங்கயடா தெரியுது?” என்று சிரித்தபடி, அவள் தன் கையை உயர்த்தி பஸ்ஸை மறித்தாள்.