யாரும் நிற்காத வண்டி

என் கணவன் ஆர்கிரிஸ் பிரேக் பிடித்தால் காப்பியின் நுரைகூடக் கலையாது. தெசலோனிகியில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். நிறுத்தம் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் கால் பிரேக்கில் போய் அமர்ந்துவிடும். எங்கள் எவோஸ்மோஸ் பகுதியில் முட்டைத் தட்டோடு ஏறுகிறவர்கள் அவன் வண்டிக்காகவே காத்திருப்பார்கள். "ஆர்கிரிஸ் பஸ்ஸா? ஏறு, தூங்கிட்டே போலாம்" என்று கேலியும் உண்டு.

காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன், சந்தை முடிந்து பேருந்து நிரம்பி வந்த ஒரு மத்தியானம், மோட்டார் சைக்கிளில் ஒரு தடியன் சிவப்பு விளக்கைத் தாண்டிக் குறுக்கே பாய்ந்தான். ஆர்கிரிஸ் முழுக் காலையும் பிரேக்கில் இறக்கினான். தடியன் பிழைத்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான், நாசமாய்ப் போக. பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்த கல்லிரோயி என்ற தையற்கார அம்மாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. இன்றும் கைத்தடியோடு அவன் பேருந்தில்தான் ஏறுகிறாள், ஏறும்போது காலை வணக்கம் சொல்கிறாள். அதுதான் அவனைக் கொல்கிறது. அன்றைக்குப் பிறகு அவன் எந்த வண்டியையும் அழுத்தி நிறுத்தியதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பது தாண்டிய பிறகு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். சிவப்பு, பழசு, இரண்டே இருக்கை. பேரன் பிறந்தால் எங்கே வைப்பாய், கூரை மேலா என்று கேட்டேன். சிரித்தான். சில நாள் நான் அவனோடு பேசவில்லை. ஆனால் மாலை வேலை முடிந்து வந்து, அந்தக் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை.

அவன் ஆசை பெரிதல்ல. செர்ரெஸ் ஊர்க் கார்ப் பந்தயப் பாதையில் புதியவர்களுக்கென்று ஒரு நாள் திறந்துவிடுவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. தினமும் தெருவில் ஓட்டும் காரை அங்கே கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்ப வேண்டும். வசந்தத்தில் அந்த நாள் வருகிறது என்று தெரிந்ததும் ஆர்கிரிஸ் பெயர் கொடுத்தான். கூடவே, நீயும் ஆசைப்பட்டால் ஓட்டு என்று என் பெயரையும் சேர்த்தான். எனக்கென்ன பைத்தியமா என்றேன்.

என் தம்பி ஃபோதிஸ் மெக்கானிக். ஆர்கிரிஸ் அவனிடம் போய்ப் புதுப் புகைக்குழாய், பின்னால் ஒரு இறக்கை, அது இது என்று அடுக்கினான். ஃபோதிஸ் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டான்.

"ஓடறதுக்கு வேண்டியது எல்லாம் இதுல ஏற்கெனவே இருக்கு மச்சான். நிக்கறதுக்குத்தான் வேலை பாக்கணும்" என்றான்.

அப்படியே செய்தார்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தைக் குடித்திருக்கும், பாதையில் சூடேறினால் கொதித்துவிடும், பெடல் தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று சொல்லி அதை முழுக்க வடித்துப் புதுசு ஊற்றினான். தெருவுக்கான பிரேக் பேடுகளைக் கழற்றிவிட்டுச் சூடு தாங்குகிற பேடுகளைப் போட்டான். வீல் நட்டுகளை அளவு பார்த்து முறுக்கினான். டயர் ஓரங்களைத் தடவிப் பார்த்துச் சரி என்று தலையாட்டினான். காரில் ஆடி உருளும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்றதால் காலி செய்கிற வேலை எனக்கு. குடை, ஈஸ்டர் மெழுகுவர்த்தி, ஒரு கிலோவுக்குக் குறையாத எள்ளும் ரொட்டித் துணுக்கும். இந்த ஆள் என் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை குலூரி ரொட்டி தின்றிருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியாக ஒரு வேலை மிச்சம். புதுப் பேடை, அது கவ்விப் பிடிக்கும் டிஸ்க்குக்குப் பழக்க வேண்டும். ஆளில்லாத சாலையில் வேகமெடுத்து, பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, மறுபடி அழுத்தி, இப்படிப் பல தடவை. ஆர்கிரிஸ் போனான், வந்தான், ஆயிற்று என்றான். ஃபோதிஸ் சும்மா இருக்காமல் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"பிரேக்கை அழுத்தினீங்களா, இல்ல தடவிக் குடுத்துட்டு வந்தீங்களா?" என்றான் ஃபோதிஸ்.

அழுத்தாமல் நெடுநேரம் லேசாக உரசிக்கொண்டே வந்தால் பேடு இப்படித்தான் பளபளத்துப் போகுமாம், பிறகு பிடிக்காதாம். உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம், ஆனால் பழக்குகிற வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்றான். ஆர்கிரிஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னான். ஃபோதிஸிடம் வரும் பல் டாக்டர் ஒருவர் அந்தக் காரின் மேல் கண் வைத்திருந்தார்; எங்களுக்கும் தெரியும்.

"செர்ரெஸ்லயும் என் கால் இப்படித்தான்னா, அது முடிஞ்ச திங்கக்கிழமை டாக்டர்கிட்ட சாவியைக் குடுத்துடறேன். அந்தக் காருக்கு நான் லாயக்கில்ல எவந்தி."

காரை வாங்கியபோது சபித்தவள் நான். இப்போது அது போய்விடும் என்றதும் தட்டைத் தள்ளி வைத்தேன். அவன் முகத்திலிருந்த அந்த வெளிச்சமும் கூடவே போய்விடும்.

ஞாயிறு காலை, ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரத்தில், ஃபோதிஸ் தேய்த்துக் கொடுத்த பேடைப் பழக்க, லாங்கடாஸ் பக்கத்துப் பழைய சாலைக்கு நான் காரை எடுத்துப் போனேன். முதல் தடவை பயந்துகொண்டே அழுத்தினேன். இரண்டாவது தடவை அந்த மோட்டார் சைக்கிள் தடியனை நினைத்துக்கொண்டேன். பெல்ட் தோளை அறுத்தது, கருகல் வாடை அடித்தது, கார் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு வேகம் இழந்தது. அடுத்த தடவையிலிருந்து யாரையும் நினைக்கத் தேவைப்படவில்லை. தன்னந்தனியாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேடைப் பார்த்துவிட்டு ஃபோதிஸ் என் முதுகில் தட்டினான். கார் தயாராகிவிட்டது.

அடுத்து வந்த சனிக்கிழமை செர்ரெஸில் நல்ல வெயில். சோதனைக்காரர்கள் பிரேக்கையும் நட்டுகளையும் பார்த்து, காருக்குள் கைவிட்டுத் துழாவி, போகலாம் என்றார்கள். தெஸ்பினா என்ற பயிற்சியாளர் ஆர்கிரிஸின் பக்கத்தில் ஏறினாள். என் மகள் வயதுதான் இருக்கும். நானும் ஃபோதிஸும் சுவரோரம் நின்று பார்த்தோம். நேர்ச்சாலையின் முடிவில் எல்லோருடைய பிரேக் விளக்கும் எரிவதற்கு வெகு முன்பே ஆர்கிரிஸின் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் இண்டிகேட்டர் போட்டு மரியாதையாக வழிவிட்டான். பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி கட்டிய தடம்கூட மறையாத குடும்பக் கார் ஒன்றும் அவனைத் தாண்டிப் போயிற்று.

உள்ளே வந்ததும் தெஸ்பினா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"கையெல்லாம் தங்கம்தாம்மா அவருக்கு. வளைவுல அவ்வளவு அழகாத் திருப்பறாரு. கால் மட்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்கு."

ஆர்கிரிஸ் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டி, மிச்ச நேரத்தை நீயே ஓட்டு என்றான். உண்மையைச் சொல்கிறேன், என் கை துறுதுறுத்தது. அந்தப் பழைய சாலைக்குப் பிறகு அந்தக் காரை நினைக்காத நாள் இல்லை. ஆனால் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டால் திங்கட்கிழமை சாவி கைமாறிவிடும் என்று தெரியும். தெஸ்பினாவிடம் கேட்டுக்கொண்டு, அவளுடைய இடத்தில் நான் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

நேர்ச்சாலை முடிவு வந்தது. அவன் கால் பிரேக்கில் பட்டதும் வலது கை ஸ்டியரிங்கை விட்டு வந்து என் மார்புக்குக் குறுக்கே நின்றது. நான் விழாமல் தாங்குகிறானாம். என் தோளில் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. அடுத்த சுற்றிலும் அதே கை. அது அங்கே வருவதே அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேருந்து நிறைய ஆள் இருக்க வேண்டியதில்லை, ஒருத்தி போதும். அந்த ஒருத்தியாக நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே விடச் சொன்னேன். இறங்கினேன்.

"பின்னாடி திரும்பிப் பாரு" என்றேன்.

"பின்னாடி சீட்டே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன். உள்ள யாருமே இல்ல ஆர்கிரிஸ். விழறதுக்கு ஆளே இல்ல."

காலியாகிவிட்ட இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அந்தப் பக்கக் கதவை எட்டிச் சாத்திக்கொண்டு மறுபடி பாதைக்குப் போனான்.

முதல் சுற்றில் பிரேக் விளக்கு பழைய இடத்தில்தான் எரிந்தது. இரண்டாவதிலும் அப்படியே. நான் ஃபோதிஸின் சட்டைக் கையைத் திருகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் கார் நேர்ச்சாலைக்கு வந்தபோது சத்தம் ஏறியது. அவன் வழக்கமான இடம் வந்தது, போயிற்று. சத்தம் குறையவில்லை. ஐயோ, மாதாவே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது, மூக்கு தரையை நோக்கி இறங்கியது, கார் ஒழுங்காக வளைந்து திரும்பிப் போயிற்று. அடுத்த சுற்றில் இன்னும் தள்ளிப் பிரேக் பிடித்தான். குடும்பக் காருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். அந்த ஆள் இண்டிகேட்டர் போட்டு வழிவிட்டார்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சூடான பிரேக்கில் ஹேண்ட் பிரேக் போடக் கூடாதென்று ஃபோதிஸ் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தான். ஆர்கிரிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது, கண்ணும் நனைந்திருந்தது.

"யாரும் விழல எவந்தி" என்றான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ஃபோதிஸ் டயரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆர்கிரிஸின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினேன். கார் சூடு ஆறட்டும், அடுத்த ஓட்டம் என்னுடையது என்றேன். அவன் என் பெயரையும் கொடுத்தது வீணாகக் கூடாது பாருங்கள்.