சிவப்பு நாடா கட்டிய கேன்

என் ஓரகத்தி கொட்டகையின் பின்கதவு வழியாக ஒரு டப்பாவை மறைத்து எடுத்துக்கொண்டு போனதை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். சாயங்காலக் கறவை முடிந்து கேனை மூடியாகிவிட்டது. அப்புறம் டப்பாவில் என்ன? ஒன்று பாலைத் திருடுகிறாள், இல்லையென்றால் கேனில் எதையோ கலந்துவிட்டு மிச்சத்தைக் கொட்டப் போகிறாள். இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவள் இல்லை நான். எங்களிடம் இருபத்தெட்டுக் கறவைச் செம்மறிகள். காலையில் நான் கறப்பேன், மாலையில் அவள். இரண்டு கேனும் ஒன்றாகத்தான் சீஸ் பட்டறைக்குப் போகும். இரண்டு முறை பால் திரும்பி வந்துவிட்டது.

"எங்கேயோ ஒரு மடி கெட்டுப்போயிருக்கு. சும்மா பார்த்தா தெரியாது. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சீஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவரை விட்டால் இந்தப் பாலை வாங்க எங்களுக்கு வேறு நாதி இல்லை.

அவளோ வந்த நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருப்பவள். போன மாதம் என் மகாராணியையே குறை சொல்ல வந்துவிட்டாள். மகாராணி தாயில்லாமல் என் கையால் புட்டிப் பால் குடித்து வளர்ந்த ஆடு. விடிந்ததும் சமையலறைக் கதவை முட்டும். நான் ரொட்டி கொடுப்பேன். பிறகு மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டுக் கறவை மேடையில் முதல் ஆளாக ஏறும். மற்ற ஆடுகளுக்கு முதலில் பீய்ச்சும் பாலைத் தட்டில் விட்டு, கெட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் இயந்திரத்தை மாட்டுவேன். மகாராணி நான் வளர்த்தது, அதற்குச் சோதனை எதற்கு?

"ரொட்டியைத் தின்னுட்டு அது தொட்டியில வாயே வைக்கறதில்லக்கா. தாது உப்பு கலந்த தீவனம் அப்படியே கிடக்கு. சத்து போயிட்டா மடியில நோய் சுலபமா ஏறிடும். மத்ததுக்கு ஒட்டாம இருக்க அதைக் கடைசியாவது கறங்களேன்" என்றாள் ஓரகத்தி.

"உன் கண்ணு பட்டுத்தான் அது இளைக்குது" என்று அவள் வாயை அடைத்தேன்.

டப்பாவைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன்: "இனிமே அந்தக் கொட்டகையில ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

"ஆதாரம் வேணாமா?" என்றார்.

ஆதாரம்தானே? மறுநாள் மாலைக் கேனில் சிவப்பு நாடா கட்டினேன். அடுத்த நாள் காலைக் கேனையும் ஏற்றிக்கொண்டு நானே சீஸ்காரரிடம் போய், இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொன்னேன். அவர் தட்டில் இரண்டு பாலையும் ஊற்றி, மேலே மருந்தை விட்டு ஆட்டினார். ஒன்று தண்ணீராக ஓடியது. இன்னொன்று கஞ்சியாகக் கெட்டிப்பட்டது; நோய் வந்த மடியின் பால் அப்படித்தான் ஆகும்.

"பார்த்தீங்களா! கையும் களவுமா பிடிச்சிட்டேன்!" என்று குதித்தேன்.

"சிவப்பு நாடா எந்த வேளைப் பால்?"

"சாயங்காலம்."

"அது சுத்தமா இருக்கும்மா. கெட்டது காலைப் பால்."

நாடா கட்டிய கேனை மறுபடி திருப்பிப் பார்த்தேன். சீஸ்காரர் மாலைப் பாலை மட்டும் எடுத்துக்கொண்டு, காலைப் பாலைச் சரிசெய்ய ஒரு வாரம் தவணை கொடுத்தார். காலைப் பாலைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை கொட்டகைக்குள் சொல்லாமல் நுழைந்தேன். எல்லா ஆடும் கறந்து முடிந்து, மகாராணி மட்டும் மேடையில் நின்றது. ஓரகத்தி இயந்திரத்தை மாட்டாமல், கையாலேயே அதன் பாலை அந்த டப்பாவில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தேன். பாலில் வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

"கேன்ல சேரக்கூடாதுன்னு பின்னால குழியில கொட்டிடறேன்க்கா" என்றாள். பயந்துபோயிருந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. வெட்கத்தில் அந்த டப்பாவை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. குழியில் நானே கொண்டுபோய்க் கொட்டினேன்.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் கேட்டார்: "ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்ப இனிமே கொட்டகையில யாரு?"

"அவ" என்றேன்.

விடிந்ததும் சமையலறைக் கதவில் வழக்கம்போல முட்டு விழுந்தது. ரொட்டி என் கையிலேயே இருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.